தேங்காயடியை அடக்கிய விமலாதேவி

ஒஸ்லோவின் தென்கோடியில், பியோர்ண்டால் குடியிருப்பில் வசித்த விமலாதேவியைப் பற்றித் தமிழர்களிடையே இரண்டு அபிப்பிராயங்கள் இருந்தன. தேங்காயடியை ஒழித்துக்கட்டியவர் என்பது ஒன்று. அதைக் காப்பாற்றியவர் என்பது மற்றது. இரண்டையும் ஒரே ஆட்கள் ஒரே மூச்சில் சொல்வார்கள் என்பதுதான் வேடிக்கை. அவரிடமே கேட்டால், "ஏன், எனக்கு வேறை வேலை இல்லையே?" என்பார். வேறு வேலை நிறையவே இருந்தது. முதியோர் இல்லத்தில் காலை முறை, வீட்டில் இரண்டு பிள்ளைகள், நிலவறையில் ஒரு வாடகைக்காரி, எல்லாவற்றுக்கும் மேலாக இரவீந்திரன் என்ற ஒரு கணவன்.

முதலில் தேங்காயடி. யாழ்ப்பாணத்தில் சித்திரை வருடப் பிறப்புக்குப் போர்த்தேங்காய் அடிப்பது வழக்கம். ஒருவர் தன் தேங்காயை நிலத்தில் வைப்பார். மற்றவர் தன் தேங்காயால் அதன்மேல் ஓங்கி அடிப்பார். எவருடையது உடைகிறதோ அவர் தோற்றார். உடைந்ததும் வென்றவருக்கே சொந்தம். எண்பதுகளின் கடைசியில் வடநோர்வேயின் மீன் ஆலைகளில் குளிரில் விறைத்துவிட்டு ஒஸ்லோவுக்கு இறங்கிவந்த சில பிரமச்சாரிகள் இதை இங்கும் தொடங்கினார்கள். சித்திரையில் நிலம் பனிக்கட்டியாகக் கிடந்தது. ஓங்கி அடித்தவன் தேங்காயோடு சேர்ந்து சறுக்கிப்போய் விழுந்தான். ஆகவே ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றுக்கு வருடப் பிறப்பை ஒத்திவைத்தார்கள். சூரியனோடு கலந்தாலோசிக்கவில்லை.

பிரமச்சாரிகள் கலியாணம் கட்டினார்கள், வீடு வாங்கினார்கள், தொப்பை வைத்தார்கள். தேங்காயடி மட்டும் பிரமச்சாரியாகவே இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்த மைதானத்தில் கார்களின் பின்கதவுகள் திறந்திருக்கும். உள்ளே பியரும் அதைவிடக் கடுமையானவையும் இருக்கும். தேங்காய்மேல் பந்தயம், தார்ப்பாயின்கீழ் சீட்டு, மாலையானால் கைகலப்பு. போலீஸ் வந்தால் விசா போய்விடும் என்ற பழைய பயம் நோர்வேஜியக் குடியுரிமை கிடைத்த பிறகும் விடாததால், சண்டைகூடத் தணிந்த குரலில்தான் நடக்கும். பியோர்ண்டால்வாசிகள் அதை அமைதியான சமூகம் என்று பாராட்டினார்கள். ஒரு வருடம் சிறீஸ்கந்தராசா என்ற மூத்தவரின் தேங்காய்க்குள் பசை ஊற்றி இறுக்கியிருக்கிறது என்று ஒருவர் சந்தேகப்பட்டார். சந்தேகப்பட்டவரின் பல் ஒன்று விழுந்தது. மாடிப்படியில் விழுந்துவிட்டதாகப் பல் வைத்தியரிடம் சொன்னார். பெண்கள் மைதானத்தின் மூலையில் கூழ் காய்ச்சினார்கள். தேங்காயில் அவர்கள் கைவைப்பது சமைக்கும்போது மட்டும்தான்.

இவ்வளவையும் விமலாதேவி பொறுத்துக்கொண்டார். அவரால் பொறுக்க முடியாமல் போனது கணவரின் லைசென்ஸ் விஷயத்தில்.

இரவீந்திரன் பஸ் ஓட்டுநர். ஒரு தேங்காயடி முடிந்த மாலையில் அவர் காரைத் தொடாமல் நடந்தே வீட்டுக்கு வந்தார். அந்த விஷயத்தில் ஒழுக்கமானவர். மறுநாள் காலை பிள்ளைக்குச் சப்பாத்து வாங்க ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்குக் காரை எடுத்தார். வழியில் போலீஸ் மறித்து ஊதச் சொன்னது. முதல் நாளையது இன்னும் மிச்சம் இருந்தது. லைசென்ஸ் போயிற்று. ஒரு வருடத்துக்கும் மேலாகத் தான் ஓட்டிய பஸ்களையே பணிமனையில் நின்று கழுவினார். இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு வசந்தத்தில் லைசென்ஸ் திரும்பக் கிடைத்தபோது மேலாளர் கைகொடுத்து வாழ்த்தினார். இன்னொரு தடவை நடந்தால் கழுவக்கூட வரவேண்டாம் என்று அதே சிரிப்போடு சொன்னார்.

தேங்காயடிக்குப் போனால் இரவீந்திரனால் குடிக்காமல் இருக்க முடியாது. போகாமலும் இருக்க முடியாது. தொடங்கிய நால்வரில் அவரும் ஒருவர். மனிதனை மாற்றுவதைவிட விழாவை மூடுவது சுலபம் என்று விமலாதேவி முடிவு கட்டினார். பெரிய சீர்திருத்தவாதிகள் எல்லோரும் இந்த இடத்தில்தான் தொடங்கியிருக்கிறார்கள், அவர்கள் வேறு காரணம் சொன்னாலும்.

எப்படி மூடுவது என்பதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அயர்லாந்து. நிலவறை வாடகைக்காரி சுபத்ரா தஞ்சாவூர்க்காரி. பல்கலைக்கழகத்தில் வரலாற்று ஆராய்ச்சி செய்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குசினியில் விமலாதேவி வெங்காயம் அரிந்துகொண்டே கேட்டார்:

"என்ன பிள்ளை, நாள் முழுக்க உந்தப் புத்தகங்களுக்குள்ளை தலையை விட்டுக்கொண்டு இருக்கிறீங்கள்?"

"தீசிஸ்தான்க்கா. அயர்லாந்துல, டப்ளின் பக்கத்துல ஒரு விழா. போன செஞ்சுரிக்கும் முந்தின செஞ்சுரில அத எப்படி மூடினாங்கன்னு எழுதறேன்."

"கோயில் திருவிழாவோ?"

"கோயிலெல்லாம் இல்ல. சந்தை மாதிரி. டொனிபுரூக்னு ஊர். குதிரை விப்பாங்க, குடிப்பாங்க, ஆடுவாங்க, தடியால ஒருத்தர் மண்டைய ஒருத்தர் உடைச்சுப்பாங்க."

விமலாதேவி கத்தியைக் கீழே வைத்தார். "எந்த மாசம்?"

"ஆகஸ்ட்."

"இருங்கோ, தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்."

சுபத்ராவின் பேச்சை அதுவரை யாரும் தேநீர் கொடுத்துக் கேட்டதில்லை. உற்சாகமாகச் சொன்னாள். பாதிரிமார் பிரசங்கம் செய்து பார்த்தார்கள். பத்திரிகைகள் திட்டின. போலீஸ் கூடாரங்களைப் பிடுங்கியது. ஒன்றும் பலிக்கவில்லை. காரணம், அந்த விழாவை நடத்தும் உரிமை ஏதோ ஒரு பழைய அரசன் கொடுத்தது. அது ஒரு குடும்பத்தின் சொத்தாக இருந்தது. சட்டத்தால் சொத்தைத் தொட முடியாது. கடைசியில் கௌரவமான மனிதர்கள் சிலர் காசு சேர்த்து அந்த உரிமையையே விலைக்கு வாங்கினார்கள்.

"வாங்கி?"

"வாங்கிட்டு சும்மா உக்காந்துட்டாங்க. அவ்ளோதான்க்கா. விழா நடத்தவே இல்ல."

"கெட்டிக்காரர்!"

"அய்யோ, நான் அவங்களத் திட்டித்தான் எழுதறேன். ஏழை ஜனங்களுக்கு வருஷத்துல இருந்த ஒரே சந்தோஷத்த..."

"நீங்கள் வடிவாத் திட்டுங்கோ பிள்ளை," என்று விமலாதேவி எழுந்தார். கறி அடிப்பிடித்திருந்தது. உரிமையை வாங்கிய பிறகும் அந்த விழா சில வருடங்கள் உயிரோடு இருந்ததைச் சுபத்ரா சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். மீதியை அடுப்பு மட்டும் கேட்டது.

பள்ளிக்கூட மைதானத்தை யாரும் ஒருநாளும் பதிவு செய்ததில்லை என்பது விசாரித்தபோது தெரியவந்தது. ஆண்கள் வந்தார்கள், அடித்தார்கள், போனார்கள், அவ்வளவுதான். விமலாதேவி கொம்யூனுக்கு, அதாவது நகராட்சிக்கு, தொலைபேசி எடுத்து அந்தச் சனிக்கிழமைக்கு மைதானம் வேண்டும் என்றார். என்ன நிகழ்ச்சி என்று கேட்டபோது ஒரு கணம் திகைத்துவிட்டு, "பெண்கள் ஆரோக்கிய தினம்" என்றார். அந்தப் பக்கத்தில் மகிழ்ச்சி பொங்கியது. அப்படி ஒன்றுக்காகக் கொம்யூன் நெடுங்காலமாகக் காத்திருந்ததுபோல இருந்தது. பொறுப்பாளர் யார் என்றார்கள். தன் பெயரைக் கொடுத்தார். நோர்வேயில் பொறுப்பாளர் என்ற சொல்லுக்கு எத்தனை எடை என்பதை அப்போது அவர் யோசிக்கவில்லை.

செய்தி பரவி, அடுத்த வாரமே சிறீஸ்கந்தராசா வீட்டுக்கு வந்தார். தொடங்கிய நால்வரில் மூத்தவர். துப்புரவு நிறுவனம் நடத்துபவர். பிள்ளைகள் வளர்ந்து தலை நரைத்த பிறகும் தேங்காய்த் தலைமையை விடாதவர். சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"என்ன தங்கச்சி, மைதானத்தைப் பிடிச்சுப்போட்டீராம்?"

"அந்தச் சனிக்கிழமைக்கு மட்டும்தான் அண்ணை."

"அந்தச் சனிக்கிழமை எங்கடை எல்லோ."

"ஆர் சொன்னது?"

"ஆர் சொல்லவேணும்? இத்தனை வருசமா அடிக்கிறம்."

"கொம்யூனுக்குத் தெரியாதாம்."

சிறீஸ்கந்தராசா மனம்விட்டுச் சிரித்தார். திறமையை யாரிடம் கண்டாலும் ரசிப்பவர். "சரி, வைச்சிரும். நோர்வேயிலை காடு ஆரின்ரை? எல்லாரின்ரையும். ஆரும் போகலாம், ஆரும் இருக்கலாம். மைதானத்துக்குப் பின்னாலை எவ்வளவு காடு கிடக்கு! ஏலுமெண்டா அதையும் எடும் பாப்பம்."

இரவீந்திரன் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். அண்ணை போனதும் விமலாதேவி கேட்டார்:

"காட்டுக்குப் போவியளோ?"

"சும்மா போய்ப் பாத்திட்டு வருவன்."

"போனமுறையும் சும்மா பாத்திட்டு வந்த ஆள்தானே பஸ் கழுவினது."

"விமலா, நான் என்ன குழந்தையே?"

"குழந்தையெண்டா தூக்கிக்கொண்டு போயிடுவன். குழந்தையில்லை, அதுதான் சோலி."

அன்று மாலையே நிலவறைக்கு இறங்கிப்போய்ச் சுபத்ராவைப் பிடித்தார். "உங்கடை அயர்லாந்துக்காரர் பிறகு என்ன செய்தவை?" அடிப்பிடித்த கறியோடு தவறிப்போன மீதிக் கதை இப்போது கிடைத்தது. விழா மைதானத்துக்கு அடுத்த வயல் ஒரு மதுக்கடைக்காரருக்குச் சொந்தம். அவர் தன் வயலில் விழாவைத் தொடர்ந்து நடத்தினார். அதை நிறுத்த வருடக்கணக்காயிற்று. கடைசியில் எதிரே புதிய தேவாலயம் கட்டி, விழா நாளன்றே திறந்தார்கள். அத்தோடு கூட்டம் கலைந்தது.

"என்னட்டைத் தேவாலயம் இல்லையே பிள்ளை."

"அக்கா, ஆக்சுவலா நீங்க யார் பக்கம்?"

"என்ரை மனுசன்ரை லைசென்ஸ் பக்கம்."

அன்றிரவு படுக்கையில் யோசித்ததில் காடு எல்லாருக்கும் சொந்தம், தேங்காய் அப்படியல்ல என்பது புலப்பட்டது. நோர்வேஜியக் கடைகளில் விற்கும் தேங்காய் உடைப்பதற்கு வசதியாகச் சுற்றிக் கீறி வைக்கப்பட்டிருக்கும். அதைக்கொண்டு போர் செய்ய முடியாது. சமாதானப் பேச்சுவார்த்தைதான் நடத்தலாம். கனத்த ஓட்டுத் தேங்காய் ஒஸ்லோ நகர நடுவே கிரோன்லாந்துக் கடைவீதியில் ஒரேயொரு தமிழ்க் கடையில், தேங்காயடிக்கென்றே ஆகஸ்டில் இறங்கும். விமலாதேவி முன்கூட்டியே போய் அத்தனையையும் வாங்கினார்.

"கலியாண வீடோ அக்கா?" என்றார் கடைக்காரர், சாக்குகளைக் கட்டியபடி.

"ஓம். சிறீஸ்கந்தராசா அண்ணைக்கு."

கடைக்காரர் கட்டிய சாக்கையே மறுபடியும் கட்டினார்.

சனிக்கிழமை காலை தேங்காய்ச் சாக்குகளை வீட்டில் விட்டுப்போக விமலாதேவிக்கு மனம் வரவில்லை. வீட்டுத் திறப்பை எந்தப் பூச்சாடிக்கு அடியில் ஒளித்துவைப்பார்கள் என்று சிறீஸ்கந்தராசாவுக்குத் தெரியும். ஆகவே கடலைச் சட்டி, மோர்க் குடம், வாடகை ஒலிபெருக்கி இவற்றோடு சாக்குகளும் காரில் ஏறின. ஓட்டிக்கொண்டு வந்தவர் இரவீந்திரன். விமலாதேவிக்கு லைசென்ஸ் கிடையாது. மனைவியின் கட்சிக்கு வேண்டிய சாமான்களையெல்லாம் பத்திரமாகக் கொண்டுவந்து, மைதான வாயிலில் உள்ளே நுழையும் பாதையை அடைத்துக் காரை நிறுத்தினார். பிறகு திறப்பைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு தன் கட்சியைத் தேடிக் காட்டுக்குள் நடந்தார். இரண்டு பக்கமும் விசுவாசமாக இருக்கும் மனிதனை என்ன செய்வது? விமலாதேவி அவர் முதுகு மரங்களுக்குள் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆரோக்கிய தினம் ஆரோக்கியமாகவே தொடங்கியது. நிறையப் பெண்கள் வந்திருந்தார்கள். சர்க்கரை வியாதி பற்றி ஒலிபெருக்கியில் ஒரு உரை நடந்தது. எல்லோரும் மோர் குடித்தார்கள். இரத்த அழுத்தம் பற்றி இரண்டாவது உரை தொடங்கியபோது ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விமலாதேவியோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் மேரியம்மா கொட்டாவியை மறைக்கக்கூட இல்லை. எழுந்துபோய்க் காரின் பின்கதவைத் திறந்தார்.

"பிள்ளை விமலா, இவ்வளவு தேங்காயையும் என்ன அடைகாக்கவே வைச்சிருக்கிறாய்?"

"அக்கா, அதிலை கைவைக்காதேங்கோ!"

"எங்களை ஒருநாளாவது அடிக்க விட்டவங்களே? நாங்கள் துருவத்தான் பிறந்தனாங்களோ?"

ஒன்றை எடுத்துக் காதருகே வைத்து நகத்தால் தட்டிப் பார்த்தார். இன்னொன்றைத் தட்டினார். புல்லில் ஒன்றை வைத்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, ஓங்கி ஒரே அடி. அந்தச் சத்தம் இரத்த அழுத்தத்தை முடித்துவைத்தது. பெண்கள் வட்டமாகக் கூடிவிட்டார்கள். விமலாதேவி தடுக்க இரண்டு எட்டு வைத்தார். வைத்த இடத்தில் யாரோ கையில் ஒரு தேங்காயைத் திணித்தார்கள். ஒரு தடவைதானே என்று அடித்தார். அவருடையதுதான் உடைந்தது. "நீ மைதானம் பிடிக்கத்தான் சரி," என்று மேரியம்மா ஒலிபெருக்கியில் அறிவித்தார். அந்தக் கணத்திலிருந்து ஒலிபெருக்கியும் அவர் கைக்குப் போயிற்று.

காட்டில் அன்று எல்லாம் இருந்தது, தேங்காயைத் தவிர. கீறல் தேங்காய் நான்கைந்து வாங்கிவந்திருந்தார்கள். அவை கைபட்டதுமே பிளந்தன. மரங்களுக்கிடையே குந்தியிருந்தவர்களுக்கு மைதானத்திலிருந்து ஒவ்வொரு அடியும் கேட்டது. அடிக்கு அடி மேரியம்மாவின் வர்ணனையும் கேட்டது. "சிறீஸ்கந்தராசாவின்ரை மனுசி வென்றுவிட்டா! அவவின்ரை தேங்காய்க்குள்ளை பசை இல்லை எண்டதை எல்லாருக்கும் அறியத் தருகிறோம்!" அதற்குமேல் எந்த ஆண்மகனும் காட்டில் இருக்க முடியாது. ஒருவர்பின் ஒருவராக மரங்களிடையே தலைகள் தெரிந்தன.

விமலாதேவி வாயிலில் போய் நின்றார்.

"மைதானம் என்ரை பேரிலை இருக்கு. போத்தல் காட்டிலை. ஊதிக் காட்டிப்போட்டு உள்ளை வாங்கோ."

"உமக்கு விசரே தங்கச்சி? எங்கடை விழாவுக்கு நாங்கள் ஊதிறதோ?" என்றார் முன்னால் வந்த சிறீஸ்கந்தராசா.

"ஊதுங்கோ அண்ணை. முதியோர் இல்லத்திலை எத்தினை வாயை மணந்து பாத்திட்டன்."

அவர் ஊதினார். விமலாதேவி முகத்தைத் திருப்பிக்கொண்டு மோர்க் குடத்துக்கு அருகே ஒரு கதிரையைக் காட்டினார். நிறுவனத் தலைவர் அங்கே போய்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல உட்கார்ந்து, தன் மனைவி அடிப்பதை வாய்பிளந்து பார்த்தார். குடித்தவர்கள் கதிரைக்கு, குடிக்காதவர்கள் தேங்காய்க்கு. இப்படியொரு நீதி அந்த விழாவின் வரலாற்றில் அன்றுதான் வந்தது. பின்னால் நின்ற இரண்டொருவர் உள்ளே வராமலே திரும்பிப்போய்க் காட்டு ஓடையில் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார்கள்.

வரிசையின் கடைசியில் இரவீந்திரன் வந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மனைவியின் முன்னால் நின்று வாயைத் திறக்கப் போனார். விமலாதேவி சட்டென்று ஒலிபெருக்கியின் வயரைக் குனிந்து சரிசெய்யத் தொடங்கினார். வயர் சரியாகத்தான் இருந்தது. நிமிர்ந்தபோது கணவர் உள்ளே போய்விட்டிருந்தார். ஊர் முழுவதையும் மணந்து பார்த்தவருக்கு அந்த ஒருவரை மட்டும் எல்லார் முன்னிலையிலும் மணக்கத் துணிவு வரவில்லை. திங்கட்கிழமைக் காலை பஸ் அவர் கண்முன் வந்து நின்றது. அதை ஓட்டுவது யார் என்றுதான் தெரியவில்லை.

ஆண்கள் குடித்துச் சண்டை போட்ட அத்தனை வருடங்களிலும் எட்டிப் பார்க்காத போலீஸ், மோர் குடித்த வருடத்தில் வந்தது. சத்தம் தாங்கவில்லை என்று சுற்றிவர இருந்த வீடுகளிலிருந்து முறைப்பாடாம். இளம் போலீஸ்காரி ஒருத்தியும் அவளைவிட இளைய போலீஸ்காரன் ஒருவனும் வாயிலில் வந்து நின்றார்கள். பொறுப்பாளர் யார் என்று கேட்டாள் போலீஸ்காரி.

"நான்," என்றார் விமலாதேவி.

"என்ன நிகழ்ச்சி இது?"

"பெண்கள் ஆரோக்கிய தினம்."

போலீஸ்காரி மைதானத்தை நோட்டம் விட்டாள். நடுவே மேரியம்மா தேங்காயோடு கையை ஓங்கியபடி நின்றார். ஒலிபெருக்கியைக் குறைக்கும்படி சொன்னாள், உடனே குறைந்தது. "இந்தக் கார் யாருடையது? அம்புலன்ஸ் வந்தால் எப்படி நுழையும்? இப்போதே எடுக்கவேண்டும்."

"பின்னேரம் எடுக்கிறோம்," என்றார் விமலாதேவி அவசரமாக.

"இப்போது."

கூட்டத்திலிருந்து இரவீந்திரன் திறப்பை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார். "நான் எடுக்கிறன்."

"வேண்டாம்!" என்று விமலாதேவி அவர் கையைப் பிடித்தார். தமிழில்தான் சொன்னார். ஆனால் அந்த ஒரு சொல்லை எந்த மொழிப் போலீசும் விளங்கிக்கொள்ளும். போலீஸ்காரி மனைவியின் முகத்தைப் பார்த்தாள், கணவரின் முகத்தைப் பார்த்தாள், இடுப்புப் பையிலிருந்து ஊதும் கருவியை எடுத்தாள். சும்மா இருந்திருந்தால் அவர் காரை எடுத்துவைத்திருப்பார், யாரும் எதுவும் கேட்டிருக்கமாட்டார்கள். அது விமலாதேவிக்கு அப்போதே தெரிந்தது.

கதிரையில் இருந்த சிறீஸ்கந்தராசா எழுந்து நின்றார். இரவீந்திரன் நீளமாக, ஒரே சீராக ஊதினார், அனுபவசாலி. கருவி சிணுங்கியது. போலீஸ்காரி பார்த்தாள், தலையசைத்தாள்.

"பூச்சியம். காரை எடுக்கலாம்."

இரவீந்திரன் நகரவில்லை. நோர்வேஜிய மொழியில் மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "தயவுசெய்து, என் மனைவிக்கும் ஒருமுறை காட்டுவீர்களா?"

அவள் கருவியைத் திருப்பிக் காட்டினாள். விமலாதேவி இரண்டு கையாலும் அதைப் பிடித்துப் பார்த்தார். கண் கலங்கியதால் எண் தெரியவில்லை. தெரிந்ததாகத் தலையை ஆட்டினார்.

இரவீந்திரன் காரில் ஏறியபோது விமலாதேவியும் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். மைதானத்தின் பக்கவாட்டில் இருந்த தரிப்பிடத்துக்குக் கூப்பிடு தூரம்தான். ஏற வேண்டிய அவசியமே இல்லை.

"எல்லாரையும் ஊதச் சொன்னனீர். என்னை ஏன் கேக்கேல்லை?"

"பயந்தனான்."

"நானும்தான்." அவர் காரைப் பின்னால் எடுத்தார். "காட்டிலை பியரைக் கையிலை தந்தவங்கள். பிடிச்சுக்கொண்டே நிண்டனான். அண்ணை பகிடி பண்ணினார், உன்ரை மனுசிதான் இப்ப கொம்யூன் எண்டு. பிடிச்சுக்கொண்டே நிண்டதிலை அது சூடேறிப்போச்சுது. ஊத்திப்போட்டன்."

"கீழையோ?"

"பின்னை? காடு எல்லாரின்ரையும்தானே."

விமலாதேவிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். பின்னால் ஒரு தேங்காய் உடைந்து, ஆரவாரம் எழுந்தது. ஒலிபெருக்கி இல்லாமலே மேரியம்மாவின் குரல் கேட்டது. வளைவில் ஆளில்லை, வாகனம் இல்லை. இருந்தும் இரவீந்திரன் சிக்னல் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, பஸ்ஸைத் திருப்புவதுபோல அகலமாகத் திருப்பினார். விமலாதேவி ஆசனப் பட்டியை இழுத்து மாட்டிக்கொண்டார்.